மலைக்காட்டுக்கு கார்பன் பணம்: அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி, மேலகிரிப் பக்கத்து ஊர்க்காரர்கள் நேரிலும் போனிலும் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மலையாளி, இருளர், குறுமன் பழங்குடி ஊர்களில் காட்டைக் காப்பாற்ற கார்பன் வழியாகப் பணம் வருமா, வந்தால் யார் கைக்குப் போகும் என்பதுதான் விஷயம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நில உரிமை ஊர்ப் பேரில் எழுத்தில் வந்த பிறகுதான் பணப் பேச்சு. இந்த வரிசை மாறினால் நஷ்டம் ஊருக்குத்தான்.

கார்பன் பணம் என்றால் என்ன? யாரோ எதற்கு நமக்குத் தர வேண்டும்?

மரம் வளரும்போது காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. எரிந்தாலோ மக்கினாலோ அது திரும்பக் காற்றுக்குப் போய்விடும். ஒரு டன் கரியமில வாயுவைக் காற்றிலிருந்து எடுத்ததாக, அல்லது காற்றுக்குப் போகாமல் தடுத்ததாகக் கணக்குக் காட்டினால் ஒரு கார்பன் கிரெடிட். விமானக் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி, சாஃப்ட்வேர் கம்பெனி எல்லாம் தங்கள் புகைக் கணக்கை ஈடுகட்ட இதை வாங்குகிறார்கள். வெர்ரா, கோல்ட் ஸ்டாண்டர்ட், பிளான் விவோ மாதிரி அமைப்புகள் விதி எழுதி வைத்திருக்கின்றன, அந்த விதிப்படி இருக்கிறதா என்று ஒரு தணிக்கை நிறுவனம் வந்து பார்க்கும்.

அளக்கிற விதம் எளிமைதான். காட்டில் சில இடங்களில் கயிறு கட்டி ஒரு வட்டம் போடுவார்கள், உள்ளே இருக்கிற ஒவ்வொரு மரத்துக்கும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், டேப் சுற்றிச் சுற்றளவு எடுப்பார்கள், பெயின்டில் நம்பர் போடுவார்கள், சில வருஷம் கழித்து அதே மரத்தைத் திரும்ப அளப்பார்கள். மரத்தில் சேர்ந்த கரி (கார்பன்) ஒரு டன் என்றால் வாயுக் கணக்கில் அது 3.67 டன். இந்த டேப் பிடிக்கிற வேலையை ஊர்ப் பிள்ளைகளே செய்யலாம், செய்ய வேண்டும். எந்த மரம் எதுவென்று வெளியிலிருந்து வருகிறவர்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் காடு ஏற்கனவே நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்றியதற்கே பணம் தரமாட்டார்களா?

பெரும்பாலும் தரமாட்டார்கள். இந்தத் திட்டம் இல்லாவிட்டால் இந்தக் காடு அழிந்திருக்கும், அல்லது இந்த மரம் வந்தே இருக்காது என்று நிரூபித்தால்தான் கிரெடிட். அதனால் தலைமுறை தலைமுறையாகக் காட்டைக் கெடுக்காமல் வைத்திருந்த ஊருக்கு ஒன்றும் இல்லை, வெட்டித் தீர்த்த இடத்துக்குப் பணம் என்று ஆகிவிடுகிறது. இது அநியாயம். விதி எழுதுகிறவர்களுக்கும் இது தெரியும், இன்னும் சரிசெய்யவில்லை.

"காடு அழிந்திருக்கும்" என்பதை ஊதிக் காட்டுகிற பழக்கமும் உண்டு. 2023 ஜனவரியில் பிரிட்டனின் கார்டியன், ஜெர்மனியின் டி சைட் பத்திரிகைகள் சேர்ந்து வெளியிட்ட புலனாய்வு, வெர்ரா சான்றளித்த மழைக்காட்டு கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டவில்லை என்றது. வெர்ரா அதை மறுத்தது. ஆனாலும் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை குறைந்து, காட்டு கிரெடிட்டின் விலையும் சரிந்தது. அங்கே யாரோ செய்த கணக்கின் பாதிப்பு நம் ஊர் வரைக்கும் வரும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அதற்கு வருமா?

ஏற்கனவே நிற்கிற மரத்துக்கு வராது. புதிதாக வரப்போரம், தரிசில், மானாவாரி நிலத்தில் நடுகிற மரத்துக்கு வரலாம். ஆனால் இயற்கையாக இருந்த காட்டையோ புதரையோ அழித்துவிட்டு அங்கே மரம் நட்டுக் காட்டக்கூடாது, பத்து வருஷத்துக்குள் அப்படி அழித்த இடமென்றால் வெர்ரா விதியில் சேராது.

காடு காப்புக்காடு, வனத்துறையுடையது. எங்களுக்கு அதில் என்ன உரிமை இருக்கிறது விற்க?

எல்லாம் இதில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2006 வன உரிமைச் சட்டம் இரண்டு விதமான உரிமை தருகிறது. ஒன்று தனிப் பட்டா, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து உழுதுவந்த நிலத்துக்கு. இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இன்னொன்று சமூக வன வள உரிமை, பிரிவு 3(1)(i). ஊர் வழக்கமாகப் பயன்படுத்தியும் பாதுகாத்தும் வந்த காடு முழுவதையும் காக்க, மீட்க, நிர்வகிக்க கிராம சபைக்கு இருக்கிற உரிமை அது. தேன், புளி, கடுக்காய், நெல்லி, சீமாறுப் புல் எல்லாவற்றுக்கும் 3(1)(c)-யில் சொந்த உரிமையே இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 உத்தரவால் பட்டா வழங்குவது பல வருஷம் நின்று, 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. பின்தங்கியதற்கு அது ஒரு பெரிய காரணம்.

சமூக வன வள உரிமைக்கு மனு படிவம் சி. கிராம சபை கூடி வன உரிமைக் குழு அமைக்க வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். கூட்டத்துக்குப் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். சித்தேரி மாதிரி பல குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சியில் மொத்த ஊராட்சிக்கும் ஒரே கிராம சபை என்று முடித்துவிடப் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள், குக்கிராம அளவில் கூடுவதற்குச் சட்டம் இடம் தருகிறது. கையில் காகிதம் இல்லை என்று தயங்க வேண்டாம், ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. எந்த ஓடை வரைக்கும் மாடு ஓட்டினோம், எந்தப் பாறையில் தேன் எடுத்தோம், சாமி கும்பிடுகிற தோப்பு எது என்று அவர்கள் சொல்வதுதான் எல்லை வரைபடத்துக்கு அடிப்படை.

இப்போது கார்பனுக்கு வருவோம். வன உரிமைச் சட்டத்தில் கார்பன் பற்றி எதுவும் இல்லை. அதனால் காட்டில் சேர்கிற கார்பன் கிராம சபைக்கா, அரசுக்கா என்பதைச் சட்டம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் காட்டை நிர்வகிக்கிற உரிமை ஊர்ப் பேரில் பட்டாவாக வந்துவிட்டால், அந்தக் காட்டை வைத்து ஊரைத் தள்ளிவிட்டு யாரும் வியாபாரம் பேச முடியாது. உரிமை இல்லாத ஊர் கூலியாள், உரிமை உள்ள ஊர் பங்காளி.

இப்போது காவிரி தெற்கு சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்களே, இனிமேல் மனு போட முடியுமா?

முடியும். 2014-இல் காவிரி வடக்கு சரணாலயம், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயம் இரண்டுமே நம் இரண்டு மாவட்டத்துக் காப்புக்காடுகளில் வந்தவை. வன உரிமைச் சட்டம் சொல்கிற "வன நிலம்" என்பதில் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடக்கம். உரிமையை அங்கீகரித்து முடிக்கிற வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்று பிரிவு 4(5) சொல்கிறது. மனுவின் நகலையும் பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஊர்க் கவுண்டரும் இன்னும் நாலு பேரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அது போதாதா?

போதாது. ஊரின் சம்மதம் என்பது முன்கூட்டியே, யாருடைய நெருக்குதலும் இல்லாமல், விஷயம் முழுதும் தெரிந்து தருவது. 2007-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனம் இதைச் சொல்கிறது, இந்தியா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. விஷயம் தெரிந்து என்றால், ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும், கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும், பெண்கள் கேள்வி கேட்க நேரம் வேண்டும், "வேண்டாம்" என்று சொல்கிற வழியும் இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே முடியாது. சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்து 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2023 செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம் ஆனது. யூனிஃபார்ம் போட்டவர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மலையாளிப் பெண் "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று புரிந்துகொள்ளாதவர்கள் இந்த மலையில் சம்மதம் பற்றிப் பேசக்கூடாது. கூட்டம் அதிகாரிகளும் கம்பெனி ஆட்களும் இல்லாமல் தனியாக ஒரு முறையாவது நடக்க வேண்டும்.

சரி, எவ்வளவு பணம் வரும்? ஏக்கருக்கு லட்சம் என்கிறார்களே.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இது கணக்கு புரிவதற்காக நானாக வைத்துக்கொண்ட எண்தான். ஒரு ஏக்கரில் வருஷத்துக்கு இரண்டு டன் சேர்கிறது என்று வையுங்கள், ஐம்பது ஏக்கர், நூறு கிரெடிட். தீ, வறட்சி வந்தால் ஈடுகட்ட ஒரு பங்கைச் சேமிப்பில் பிடித்து வைப்பார்கள், அதில் இருபது போகட்டும், மிச்சம் எண்பது. ஒன்று 800 ரூபாய்க்குப் போனால் 64,000 ரூபாய். இதில்தான் அளக்கிற செலவு, தணிக்கை, பதிவுக் கட்டணம், நடுவில் நிற்கிற கம்பெனியின் பங்கு எல்லாம். ஒரு தடவை தணிக்கைக்கே லட்சக்கணக்கில் ஆகும். அப்புறம் ஏக்கருக்கு லட்சம் எங்கிருந்து வரும்? சின்ன ஊர் தனியாக இதில் இறங்கவே முடியாது, பல ஊர் சேர்ந்து பெரிய பரப்பாக வந்தால்தான் செலவு கட்டுப்படியாகும்.

மழை குறைந்த நம் காடு மெதுவாகத்தான் வளரும். ஆச்சா, கருங்காலி, வெப்பாலை நிற்கிற வறண்ட காட்டை மேகாலயா மழைக்காட்டோடு ஒப்பிட்டுக் காட்டுகிற பவர்பாயின்ட்டை நம்பாதீர்கள். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: டன் கணக்கு ஏற வேண்டும் என்பதற்காகவே தைல மரம், சில்வர் ஓக் என்று சீக்கிரம் பெருக்கிறதாகப் பார்த்து நடச் சொல்வார்கள். மாடு மேய்கிற புல்தரையில் அதை நட்டால் மேய்ச்சலும் போச்சு, தண்ணீரும் போச்சு.

எங்காவது நன்றாக நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. மேகாலயாவில் மவ்ஃப்லாங் பக்கம் காசி என்ற பழங்குடி மக்களின் பத்து ஹிமாக்கள், அவர்களுடைய பாரம்பரிய ஆட்சி அமைப்புகள், ஒன்றாகச் சேர்ந்து 2011-இல் தொடங்கிய திட்டம் சுமார் 27,000 ஹெக்டேர். 2013-இல் பிளான் விவோ சான்று கிடைத்தது. தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, கெட்டுப்போன காட்டை நடாமல் தானாக வளர விடுவது, விறகு குறைவாக எரிக்கிற அடுப்பு என்று வேலை. அங்கே முக்கியமான விஷயம், நிலம் மக்கள் கையில், அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணையில், அதாவது பழங்குடியினருக்குத் தன்னாட்சி தருகிற அட்டவணையில், வருகிற பகுதி. கார்பன் பேச்சு வருவதற்கு முன்பே முடிவெடுக்கிற அதிகாரம் ஊரிடம் இருந்தது.

ஆந்திராவில் அரக்குப் பள்ளத்தாக்கில் ஆதிவாசி விவசாயிகள் சொந்த நிலத்தில் காப்பியும் பழ மரமுமாக 6,000 ஹெக்டேரில் சுமார் 60 லட்சம் மரம் நட்டார்கள். ஐரோப்பியக் கம்பெனிகளின் நிதியம் ஒன்று முன்பணம் போட்டது, பதிலுக்கு இருபது வருஷத்துக்கு வருகிற கிரெடிட் அந்தக் கம்பெனிகளுக்கு. விவசாயிக்குக் கிடைப்பது மரமும் விளைச்சலும்தான், கிரெடிட் பணம் இல்லை. வத்தல்மலையில் காப்பி, மிளகு வைத்திருப்பவர்கள் இந்த மாதிரி ஒப்பந்தம் வந்தால் இந்த வித்தியாசத்தைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் லேண்ட். அங்கே பூர்வகுடிகள் மழைக்காலம் முடிந்து வறட்சிப் பருவம் தொடங்கும்போதே, புல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, அங்கங்கே சின்னச் சின்னதாகத் தீ வைத்து எரிப்பார்கள். அதனால் பின்னால் வருகிற பெருந்தீ குறையும், புகையும் குறையும். 2006-இல் டார்வினில் எரிவாயு ஆலை வைத்திருந்த ஒரு எண்ணெய்க் கம்பெனி, இந்த வேலைக்கு 17 வருஷத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்பந்தம் போட்டது. அதில் ஊர்ப் பெரியவர்களின் அறிவுக்கே சம்பளம்.

அப்படியென்றால் நாமும் தீ வைத்துப் பணம் வாங்கலாமா?

வேண்டாம், இங்கே காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம், கேஸ் விழும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். காவிரிக்கு அந்தப்பக்கம் கர்நாடகத்துப் பிஆர் மலையில் (பிலிகிரி ரங்கன் மலை) சோளிகர் பழங்குடியினர் வருஷா வருஷம் சருகுத் தீ வைத்துக் காட்டைப் பராமரித்தவர்கள். அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச் செடி இப்படிப் பரவியது என்று அவர்கள் சொல்கிறார்கள், ஆய்வாளர்கள் பலரும் அதை ஏற்கிறார்கள். நம் காட்டிலும் உண்ணிச் செடி அடைத்து, புல் போய், யானைக்கும் மாட்டுக்கும் தீனி குறைந்துவிட்டது. அதை வேரோடு பிடுங்கி எடுப்பதற்குக் கூலி தருகிற திட்டம் மரம் நடுகிற திட்டத்தைவிட இந்த மலைக்குப் பிரயோஜனம்.

கெட்டுப்போன திட்டம் ஏதாவது?

பிரேசிலில் பைட்டர் சுருயி மக்களின் திட்டம், உலகில் பூர்வகுடிகளே நடத்திய முதல் காட்டுக் கார்பன் திட்டம் என்று பேர் வாங்கியது. 2013-இல் நட்டுரா என்ற அழகுப் பொருள் கம்பெனி 1,20,000 டன் வாங்கியது. அவர்கள் நிலத்துக்குள் சட்டவிரோதமாகத் தங்கமும் வைரமும் தோண்டுகிறவர்களும் மரம் வெட்டுகிறவர்களும் புகுந்து, ஊருக்குள்ளேயே பிளவு வந்து, 2018-இல் திட்டம் நின்றது. வெளியாளைத் தடுக்க அரசு வராவிட்டால் கிரெடிட்டால் காட்டைக் காக்க முடியாது.

வடக்குக் கென்யாவில் மேய்ச்சல் நிலத்தில் பெரிய கார்பன் திட்டம் நடந்தது. 2025 ஜனவரியில் இசியோலோ நீதிமன்றம், அந்தப் பரப்பில் இருந்த ஒன்றையும் சேர்த்து இரண்டு காப்பு நிலங்களை மக்களை முறைப்படி கலந்துகொள்ளாமல் அமைத்தது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. திட்டம் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேலான பிறகு வந்த தீர்ப்பு இது.

கார்பன் இல்லாமல் காட்டைக் காக்கப் பணம் வர வழியே இல்லையா?

இருக்கிறது, என் கருத்தில் அதுதான் நல்லது. கனடாவில் லுட்செல் கே டெனே மக்கள் 2019-இல் தங்கள் நிலத்தில் 26,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் தைடெனே நெனே என்ற காப்பிடத்தை அரசோடு சேர்ந்து அமைத்தார்கள். மூன்று கோடி கனடா டாலருக்கு ஒரு அறக்கட்டளை நிதி, பாதி கனடா அரசு, பாதி நன்கொடை. முதலைத் தொடாமல் அதில் வருகிற வருமானத்தில் ஊர்க் காவலர்களுக்குச் சம்பளம். மரம் எத்தனை டன் பெருத்தது என்று யாரும் அளக்க வேண்டியதில்லை, காடு காடாக இருந்தால் போதும்.

நம் நாட்டிலேயே மகாராஷ்டிராவில் மேண்டா லேகா என்ற ஊர். 2009-இல் 1,800 ஹெக்டேருக்குச் சமூக வன உரிமை வாங்கி, 2011-இலிருந்து தங்கள் மூங்கிலைத் தாங்களே விற்கிறார்கள், மூங்கிலை வெளியே ஏற்றிப் போகத் தேவையான அனுப்புச் சீட்டும் கிராம சபையே தருகிறது. நமக்கு மூங்கில் இல்லாவிட்டால் புளி இருக்கிறது. மாசி, பங்குனியில் திண்ணைக்குத் திண்ணை பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை நீக்குகிறார்களே, அந்தப் புளி வியாபாரி சொன்ன விலைக்குத்தான் போகிறது. முன்கூட்டியே கடன் வாங்கியிருப்பதால் பேரம் பேச முடிவதில்லை. நாலு மாதம் புளியைக் கட்டி வைக்கிற கிடங்கும் அதுவரை கை மாற்றுக்கு ஒரு சுழல்நிதியும் இருந்தால், கார்பன் கிரெடிட்டைவிடச் சீக்கிரம் காசு வரும்.

உலகப் பணத்தின் போக்கும் தெரிந்திருக்கட்டும். 2021 கிளாஸ்கோ மாநாட்டில் பூர்வகுடிகளின் நில உரிமைக்கு 170 கோடி டாலர் தருவதாக அரசுகளும் அறக்கட்டளைகளும் சொன்னார்கள். முதல் வருஷம் கொடுத்ததில் நேரடியாகப் பூர்வகுடி அமைப்புகளுக்குப் போனது 7 சதவீதம்தான். மிச்சம் நடுவில் இருக்கிறவர்கள் வழியாக. நேராகக் கணக்குக்கு வர வேண்டும் என்றால் ஊருக்குப் பதிவான குழு, வங்கிக் கணக்கு, வரவு செலவு நோட்டு மூன்றும் இப்போதே தயாராக இருக்க வேண்டும்.

கிரீன் கிரெடிட் என்று மத்திய அரசு சொல்கிறதே, அது இதுதானா?

இல்லை, அது 2023 அக்டோபரில் வந்த வேறு திட்டம். கெட்டுப்போன வன நிலத்தில் மரம் நட கம்பெனிகள் பணம் கட்டும், நடுவது வனத்துறை. உங்கள் மேய்ச்சல் நிலத்தை "கெட்டுப்போன நிலம்" என்று பட்டியலில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமூக வன உரிமை மனு போட்டிருந்தால் ஆட்சேபிக்க உங்களுக்குக் கையில் பிடி இருக்கும்.

ஒப்பந்தம் கொண்டுவந்துவிட்டார்கள். என்ன பார்க்க வேண்டும்?

முதலில் எத்தனை வருஷம் என்று பாருங்கள். முப்பது, நாற்பது வருஷம் என்று இருக்கும், உங்கள் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டுகிற காகிதம் அது. பங்கு "நிகர லாபத்தில்" என்று இருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், செலவை ஏற்றி எழுதினால் லாபம் பூஜ்யம் ஆகிவிடும். விற்ற விலையில் இத்தனை சதவீதம் என்று இருக்க வேண்டும், எந்த விலைக்கு யாருக்கு விற்றார்கள் என்ற கணக்கை வருஷா வருஷம் கிராம சபையில் காட்ட வேண்டும். ஆடு மாடு மேய்ப்பது, விறகு, தேன், சாமை விதைப்பது எதற்காவது தடை எழுதியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். காடு எரிந்தால் நஷ்டம் யார் தலையில் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வழக்கு வந்தால் மும்பையிலோ சிங்கப்பூரிலோ நடுவர் முன்னால் என்று ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதை தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி நீதிமன்றம் என்று மாற்றச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். எந்த ஆளிடமும் ஆதார் நகல், பட்டா நகல், வெற்றுத்தாளில் கைநாட்டு எதுவும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை ஊரில் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், விடமாட்டேன் என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். விட்டுப் போனால் தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு எடுத்துப் போங்கள், பழங்குடியினருக்கு அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார். அதற்கு முன்னால் படிவம் சி போட்டாகிவிட்டதா என்று உங்கள் வன உரிமைக் குழுவிடம் கேளுங்கள். போடவில்லையென்றால் அடுத்த கிராம சபையில் முதல் தீர்மானம் அதுவாக இருக்கட்டும்.